சிரித்தால் முட்டி மடங்குகிறது. மயக்கமும் இல்லை, வலிப்பும் இல்லை. யாருக்காவது இப்படி?

கேள்வி: 2023 பிப்ரவரி 11

வயது 24. ஒன்றரை வருடமாக இருக்கிறது. நண்பர்களோடு பேசிச் சிரிக்கும்போது திடீரென்று தாடை தளர்ந்து பேச்சு குழறுகிறது, தலை முன்னால் தொங்குகிறது, சில நேரம் முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். நினைவு தப்புவதே இல்லை. சுற்றி இருப்பவர்கள் பேசுவது முழுக்கக் கேட்கிறது, பதில்தான் சொல்ல முடியவில்லை. அரை நிமிடத்தில் சரியாகிவிடும். எம்ஆர்ஐ, ஈஈஜி, எக்கோ எல்லாம் நார்மல். டென்ஷன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நடிக்கிறேனோ என்று வீட்டில் சந்தேகம். வேறு யாருக்காவது இருக்கிறதா?

2023 பிப்ரவரி 11, இரவு

எனக்கு இருக்கிறது. பகலில் தூக்கம் தள்ளுகிறதா? முதலில் அதை மட்டும் சொல்லுங்கள்.

2023 பிப்ரவரி 12

ஆமாம் என்று பதில் போட்டிருக்கிறீர்கள். நினைத்தேன். வகுப்பில் தூக்கம், பயணத்தில் தூக்கம், போன் பேசிக்கொண்டே தூக்கம். அதைத் தனிக் கணக்காகவும் முட்டி மடங்குவதைத் தனிக் கணக்காகவும் வைத்திருக்கிறீர்கள். டாக்டரிடம் இரண்டாவதை மட்டும் சொல்லியிருப்பீர்கள். தூங்குவதை நோய் என்று யார் போய்ச் சொல்வார்கள்? சோம்பேறி என்று திட்டு வாங்கியே பழகிப்போயிருக்கும்.

இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகமாக இருக்கலாம். நார்கோலெப்சி, முதல் வகை: தூக்கத்தையும் விழிப்பையும் மூளையால் சரியாகப் பிரித்து வைக்க முடியாத நோய். அதில் சிரிப்போடு வரும் இந்தத் தளர்ச்சிக்குப் பெயர் கேட்டப்ளெக்சி. நான் டாக்டர் இல்லை. இந்த உடம்போடு குடித்தனம் நடத்துகிற ஆள், அவ்வளவுதான். உங்களுக்கும் அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நரம்பியல் மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். தூக்க ஆய்வு செய்யும் வசதி இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள்.

மூன்று ரிப்போர்ட்டும் நார்மல் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாதாரண ஸ்கேனில் தெரிகிற விஷயமே இல்லை இது.

அதே நாள், பிறகு

"டென்ஷன்" என்றார்களே, அதற்கு மட்டும் ஒரு வரி. எனக்கு நேர்முகத் தேர்வில் வந்ததில்லை, சம்பளம் பிடித்த மாதத்தில் வந்ததில்லை. சந்தோஷமாக இருந்தால்தான் வரும்.

2023 பிப்ரவரி 14

எதற்கெல்லாம் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளுக்கு ஆள் மாறும். என் வரிசை இது: நானே சொல்லப்போகும் ஜோக், முதலிடம், பக்கத்தில் வேறு எதுவும் நெருங்க முடியாது. கடைசி வரி நாக்குக்கு வருவதற்கு முன்பே தாடை போய்விடும். என் ஜோக்குகளில் பாதி முடிவு தெரியாமலே ஊரில் உலவுகின்றன. அடுத்து, எதிர்பாராத இடத்தில் பழைய தோழியைப் பார்ப்பது. அடுத்து, சட்டென்று ஒரு நல்ல பதிலடி தோன்றுவது. யாராவது கிச்சுகிச்சு மூட்டுவது. கோபம் கடைசி, என் கோபம் மெதுவாகத்தான் ஏறும், அதனால் தப்பித்துவிடுகிறேன் போலிருக்கிறது.

சீட்டாட்டத்தைச் சொல்ல மறந்தேன். நல்ல கை வந்தால் விரல் தளர்ந்து சீட்டு சரியும். எதிரில் இருப்பவர்கள் உடனே ஆட்டத்திலிருந்து விலகிவிடுவார்கள். மோசமான கை வந்தால் மட்டும் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பேன். என்னோடு காசு வைத்து ஆட நிறையப் பேருக்கு ஆசை.

2023 பிப்ரவரி 15

முக்கியமானது. டாக்டர் முன்னால் அனேகமாக வராது. அந்நியர்கள் மத்தியில், ஒழுங்காக உட்கார்ந்து பதில் சொல்லும் இடத்தில், இது அடங்கிக் கிடக்கும். நெருங்கியவர்களோடு அசட்டையாக இருக்கும்போதுதான் எட்டிப் பார்க்கும். "பாருங்கள், இங்கே ஒன்றும் வரவில்லையே" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம்.

ஆகவே வீடியோ. வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள், அடுத்த முறை வரும்போது போனை எடுக்கட்டும். முதலில் முகம்: இமை பாதி இறங்குவது, கன்னம் துடிப்பது, வாய் கோணுவது. பிறகு கழுத்து, பிறகு கால். நடுவில் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லி, முடிந்ததும் "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சரியாகத் திருப்பிச் சொன்னால் நினைவு இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

2023 பிப்ரவரி 15, இரவு

வீட்டில் நடிப்பு என்று ஏன் தோன்றுகிறது தெரியுமா? விழுகிற விதம்தான். வெட்டிப் போட்ட மாதிரி விழ மாட்டோம். முட்டி ஒரு தடவை வளையும், நிமிர்வோம், மறுபடி வளையும், கை சுவரைத் தேடும், அப்புறம் மெல்லச் சரிவோம். தசை விட்டுவிட்டுத் தளர்கிறது, நாம் அதோடு மல்லுக்கட்டுகிறோம். பார்க்கிறவருக்கு "இடம் பார்த்து விழுகிறான்" என்று தெரியும். இடம் பார்த்துத்தான் விழுகிறோம்! அதற்குச் சில நொடி அவகாசம் கிடைப்பது இந்த நோய் காட்டுகிற ஒரே தயவு. எல்லாருக்கும் எப்போதும் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. சட்டென்று விழுந்து அடிபட்டுக்கொள்பவர்களும் உண்டு.

நடிப்பு இல்லை என்று காட்ட ஒரு வழி இருக்கிறது, மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வந்துகொண்டிருக்கும்போது முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் துள்ளாது. முடிந்த பிறகு தட்டினால் துள்ளும். தளர்ந்து கிடக்கும் காலில் அந்த அனிச்சைத் துள்ளலை நினைத்து நிறுத்துவது எளிதில்லை.

2023 பிப்ரவரி 17

"இது வலிப்பில்லை என்று எப்படித் தெரியும்" என்று இன்னொருவர் கேட்கிறார். என்னால் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தசை சட்டென்று தளர்ந்து விழுகிற வலிப்பு வகையும் இருக்கிறது. பொதுவாகப் பிரிக்கிற கோடு: மயக்கத்தில் முகம் வெளுக்கும், நினைவு போகும். வலிப்பில் பெரும்பாலும் நினைவு கலங்கும், முடிந்த பிறகு குழப்பம் இருக்கும். கேட்டப்ளெக்சியில் மூச்சு ஓடும், கண் அசையும், காது கேட்கும், முடிந்தவுடன் விட்ட பேச்சைத் தொடரலாம். இதோடு தூக்கம் வந்து கலந்துகொண்டால் இந்தக் கோடும் மங்கிவிடும். சிலருக்குத் தரையில் கிடக்கும்போதே கனவு தொடங்கிவிடும்.

சிரிப்பே வலிப்பாக வருகிற நோய் வேறு. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் இருக்கும் ஒரு கட்டியால் வரலாம். அதில் சந்தோஷமே இல்லாமல் சிரிப்பு வரும். நமக்குச் சந்தோஷம் வந்து சிரிப்பை முடிக்க முடியாமல் போகும். இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

2023 பிப்ரவரி 20

யாரோ ஆடு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். பயந்தால் விறைத்து விழுகிற ஆடுகள். நன்றி, ஆண்டுக்கு ஒருவராவது அனுப்பிவிடுகிறீர்கள். அந்த ஆடுகளுக்கு இருப்பது மயோடோனியா: தசையிலேயே குளோரைடு ஓடும் வழியில் கோளாறு, சுருங்கிய தசை விடுபடத் தாமதமாகிறது. அதனால் விறைப்பு. நமக்குத் தசையில் ஒரு குறையும் இல்லை, விறைப்பும் இல்லை, தொளதொள. எனக்கு உறவு ஆடு இல்லை, நாய்.

2023 பிப்ரவரி 21

நாய்க் கதை கேட்டீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970களிலிருந்து இந்த நோயுள்ள டாபர்மேன் நாய்களை வளர்த்து ஆராய்ந்தார்கள். தீனித் துண்டுகளை வரிசையாக வைத்து அவிழ்த்துவிடுவார்கள். ஒவ்வொரு துண்டைக் கண்டதும் குஷியில் பின்னங்கால் மடங்கும், எழும், அடுத்த துண்டுக்கு ஓடும், மறுபடி மடங்கும். முழுவதையும் தின்று முடிக்க எவ்வளவு நேரம், எத்தனை முறை விழுந்தது என்பதுதான் அளவுகோல். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சொந்த பந்த உணர்வை விவரிக்க முடியாது.

1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக மூளையில் ஒரே வேதிப்பொருளைக் கண்டுபிடித்து, ஒன்று ஹைபோக்ரெடின் என்றும் மற்றது ஓரெக்சின் என்றும் பெயர் வைத்தன. 1999இல் ஸ்டான்ஃபோர்டில் எம்மானுவேல் மின்யோவின் குழு, டாபர்மேன்களில் அந்தப் பொருளை ஏற்கும் ஏற்பியின் மரபணு பழுதாகியிருப்பதைக் காட்டியது. அதே ஆண்டு மசாஷி யானகிசாவாவின் குழு அந்தப் பொருளே இல்லாத எலிகளை உருவாக்கியது; அவையும் திடீர் திடீரென்று சரிந்தன. 2000இல் மனித மூளைகளைப் பார்த்தபோது மரபணு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஓரெக்சினைச் சுரக்கும் செல்களைத்தான் காணவில்லை, பத்தில் ஒன்பது போல அழிந்திருந்தன. இருந்ததே மொத்தம் சில பத்தாயிரம் செல்கள். ஆயிரக்கணக்கான கோடி செல் வைத்திருக்கிற மூளையில் இந்தச் சின்னக் கூட்டம் போனதற்கு இந்தப் பாடு. மின்யோவுக்கும் யானகிசாவாவுக்கும் இதற்காக உயிர் அறிவியலுக்கான 2023ஆம் ஆண்டின் பிரேக்த்ரூ பரிசு.

2023 பிப்ரவரி 22

சரி, ஓரெக்சின் இல்லாவிட்டால் ஏன் சிரிக்கும்போது விழ வேண்டும்? நான் புரிந்துகொண்ட அளவில்: கனவு காணும் தூக்கத்தில் எல்லாருக்கும் உடல் தசைகள் அணைக்கப்படுகின்றன, இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து ஓடிவிடுவார். கண்ணும் மூச்சும் மட்டும் விலக்கு. ஓரெக்சின் என்பது விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவிலுள்ள கதவின் கொக்கி. கொக்கி போனால் காற்றடிக்கும்போதெல்லாம் கதவு திறந்துகொள்ளும். பலமான உணர்ச்சி வரும்போது, விழித்திருக்கும் நம்மேல் தூக்கத்தின் தசைத் தளர்ச்சி மட்டும் வந்து விழுகிறது. கண், மூச்சு விலக்கு என்பது இங்கேயும் அப்படியே பொருந்துவதைக் கவனியுங்கள்.

இதே கணக்குத் தலைகீழாக வந்தால், காலையில் விழித்த பிறகும் உடம்பு அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். பேய் அமுக்குகிறது என்பார்களே, அது. நோயில்லாதவர்களுக்கும் எப்போதாவது வரும். எங்களுக்கு அடிக்கடி வரும், போதாததற்கு அறைக்குள் ஆளும் தெரியும். என் ஆள் எப்போதும் கதவோரம் நிற்பார். ஒரு வார்த்தை பேசியதில்லை. பழகிவிட்டது.

2023 மார்ச் 1

"எதனால் அந்தச் செல்கள் அழிகின்றன?" உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாக அழிக்கிறது என்பதே இப்போது வலுவாக நம்பப்படுவது. முதல் வகைக்காரர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எச்எல்ஏ-டிக்யூபி1*06:02 என்ற மரபணு வடிவம் இருக்கிறது. ஆனால் அது நோயே இல்லாத ஏராளமான பேருக்கும் இருக்கிறது. ஆகவே அந்த ரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு அழவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம்.

தடுப்பூசி பற்றி ஒருவர் சூடாக எழுதியிருக்கிறார். 2009-10 பன்றிக்காய்ச்சல் காலத்தில் பாண்டெம்ரிக்ஸ் என்ற ஒரு குறிப்பிட்ட தடுப்பூசிக்குப் பிறகு பின்லாந்திலும் ஸ்வீடனிலும் சிறுவர்களிடையே நார்கோலெப்சி கூடியது உண்மை. அந்தத் தடுப்பூசி போடப்படாத சீனாவிலும் அதே காய்ச்சல் பருவத்துக்குப் பிறகு புதிய நோயாளிகள் கூடினார்கள் என்பதும் உண்மை. முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாத் தடுப்பூசிகளையும் தூற்றுகிற சண்டைக்கு நான் வரவில்லை.

2023 மார்ச் 6

"உணர்ச்சிவசப்படாமல் மனதைக் கட்டுக்குள் வைத்தால் போதும்" என்று அறிவுரை சொன்னவருக்கு.

வைத்துப் பார்த்தேன். கல்லூரிக் காலம் முழுக்க. யாராவது நகைச்சுவையாகப் பேச ஆரம்பித்தால் மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்வேன். நாக்கைக் கடிப்பேன். கூட்டமாகச் சிரிக்கிற இடத்தில் செருப்புத் தேடுகிற பாவனையில் எழுந்து போய்விடுவேன். வேலை செய்தது, விழுவது குறைந்தது. எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வந்தது. "அவளிடம் எதையும் விளையாட்டாகச் சொல்லாதே, மூஞ்சியைத் தூக்கிக்கொள்வாள்" என்று புதிதாக வந்தவர்களிடம் சொல்லியே அறிமுகப்படுத்துவார்கள். யார் மேல் பிரியமோ அவர்களிடம்தான் அதிகம் வரும் என்பதால் அவர்களிடமிருந்துதான் அதிகம் விலகினேன். என் தம்பி சிரிப்பு மூட்டுவதில் மன்னன். அவன் அறைக்குள் வந்தால் நான் வெளியே போவேன். அவனுக்கு என்மேல் வெறுப்பு என்று வெகுநாள் நான் நினைத்துக்கொண்டிருக்க, எனக்குத்தான் அவன்மேல் வெறுப்பு என்று அவன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நோயின் பெயர் தெரிந்த வாரம் அவனை உட்கார வைத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ நான் அவ்வளவு நல்லா ஜோக் அடிக்கிறேனா?" என்றான். நாற்காலியிலிருந்து வழிந்து தரைக்கு வந்தேன்.

எனவே கட்டுப்பாட்டு யோசனைக்கு வணக்கம். விழுவதைவிட அது எனக்கு அதிகம் செலவு வைத்தது.

2023 மார்ச் 7

நேற்று எழுதியதைக் கொஞ்சம் இறுக்குகிறேன், இல்லையென்றால் யாராவது மாடிப்படியில் நின்று சிரிக்கப் போகிறீர்கள். சிரியுங்கள், உட்கார்ந்து சிரியுங்கள். நின்றால் முதுகு சுவரில் படட்டும். கைக்குழந்தையைத் தூக்கியிருக்கும்போது, அடுப்பு முன்னால், தண்ணீருக்குள், வண்டி ஓட்டும்போது கூடாது. வண்டியைப் பற்றி ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு. மருத்துவரிடம் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் சாவியை வைத்துவிடுங்கள். இதில் எனக்கு வளைந்து கொடுக்கிற மனசு இல்லை.

2023 மார்ச் 9

தரையில் கிடக்கும் நேரம் பற்றி யாரும் எழுதுவதில்லை. கேட்கிறது, அதுதான் கொடுமை. "முகத்தில் தண்ணி அடி", "தள்ளி நில்லு காத்து வரட்டும்", "இதுக்குக் கல்யாணம் வேற பண்ணணுமே". எல்லாம் தெளிவாகக் காதில் விழும், ஒரு விரலை உயர்த்தி மறுக்க முடியாது. அலுவலகத்தில் ஒருமுறை என் தலைமாட்டில் நின்று இரண்டு பேர் எனக்கு என்ன நோய் என்று பந்தயம் கட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததால் மறுபடி தளர்ந்தேன். அவர்கள் பதற, அந்தப் பதற்றம் அதைவிடச் சிரிப்பாக இருக்க, முடிகிற பாடாகவே இல்லை.

பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கழுத்து மடங்கியிருந்தால் நேராக்க வேண்டும், வாயில் எதையும் ஊற்றக் கூடாது. முக்கியமாக வேடிக்கை காட்டக் கூடாது.

2023 மார்ச் 15

சாதாரண மனிதர்களுக்கும் இதில் ஒரு துளி இருக்கிறது என்பது தெரியுமா? 1999இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நோயில்லாதவர்களைச் சிரிக்க வைத்து, காலின் நரம்பு அனிச்சையை அளந்தார்கள். சிரிக்கும்போது அது நன்றாகத் தாழ்ந்தது. "சிரிச்சுச் சிரிச்சு நிக்க முடியல" என்று நீங்கள் எல்லாரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. உங்களுக்கு அது ஒரு படியோடு நின்றுவிடுகிறது. இதை அம்மாவிடம் சொன்னபோதுதான் நடிப்பு என்ற சந்தேகம் அவருக்கு முழுதாகப் போனது. ஸ்கேனும் ரிப்போர்ட்டும் செய்யாததை இது செய்தது.

2023 ஏப்ரல் 2

மருந்து கேட்டு மூன்று பேர். அளவு சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். வெண்லாஃபாக்சின், ஃப்ளுவாக்செடின், குளோமிப்ரமின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைக் கேட்டப்ளெக்சிக்குத் தருவார்கள். மனச்சோர்வு என்று நினைத்துத் தருவதில்லை. கனவுத் தூக்கத்தை அவை அடக்குவதால் தருகிறார்கள். மருந்துச் சீட்டைப் பார்த்து வீட்டில் கலவரம் வேண்டாம். சோடியம் ஆக்சிபேட் என்பது இரவில் குடிப்பது, படுக்கும்போது ஒன்று, நடு இரவில் அலாரம் வைத்து எழுந்து இன்னொன்று. அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்றது, கடும் கட்டுப்பாடு உள்ளது, மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பிடோலிசன்ட் அதற்குப் பின் வந்த மருந்து. மோடாஃபினில் பகல் தூக்கத்தைக் குறைக்க உதவும், விழுவதைக் குறைக்க உதவாது. ஓரெக்சின் ஏற்பியையே தூண்டும் மாத்திரைகள் சோதனையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கல்லீரலைத் தொந்தரவு செய்ததால் 2021இல் சோதனையை நிறுத்தினார்கள்.

எதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மருந்தைச் சட்டென்று விட்டால் தளர்ச்சி ஒன்றன்பின் ஒன்றாக மணிக்கணக்கில் வரலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் மாத்திரை தீர்ந்துபோய், "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று விட்டு, ஒரு முழுநாளும் கட்டிலிலிருந்து எழ முடியாமல் கிடந்தார்.

2023 மே 19

முதல் கேள்வி கேட்டவர் வந்துவிட்டார். வீடியோவைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் உடனே தூக்க ஆய்வுக்கு எழுதினாராம். நல்லது. என்ன நடக்கும் என்று கேட்கிறீர்கள். ஓர் இரவு உடம்பெல்லாம் வயர் ஒட்டித் தூங்க வேண்டும். மறுநாள் இரண்டு மணிக்கு ஒருமுறை, மொத்தம் ஐந்து குட்டித் தூக்கம், இருட்டறையில் ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிட வாய்ப்பு. சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கி, இரண்டு தடவையாவது உடனே கனவுத் தூக்கத்துக்குள் குதித்தால் நார்கோலெப்சிப் பக்கம் சாயும். அந்த இரவிலேயே படுத்த கால் மணிக்குள் கனவுத் தூக்கம் வந்தால் அதையும் ஒன்றாக எண்ணுவார்கள். சந்தேகம் தீராவிட்டால் முதுகுத்தண்டு நீரில் ஹைபோக்ரெடின் (ஓரெக்சினின் மறுபெயர்) அளவு பார்ப்பது உண்டு.

வேறு எதற்காவது மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறீர்களா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது முடிவைக் குழப்பும். வாரக்கணக்கில் முன்பே நிறுத்த வேண்டியிருக்கலாம், எப்படி என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் ஒழுங்காகத் தூங்குங்கள், எழுதியும் வையுங்கள். தூக்கம் கெட்டவர் யாராக இருந்தாலும் இந்தச் சோதனையில் சீக்கிரம் தூங்கிவிடுவார், பிறகு எதை நம்புவது?

2023 ஜூன் 8

"ஐந்து தடவையும் தூங்கிவிட்டேன், நாலு தடவை கனவு" என்று எழுதியிருக்கிறீர்கள். வாழ்த்துச் சொல்வதா என்று தெரியவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டின் நகலைப் போனில் ஒன்று, வீட்டில் ஒருவரிடம் ஒன்று வையுங்கள். வேலையிடத்தில் யாரிடம் சொல்வது என்பதை இந்த வாரமே முடிவெடுக்க வேண்டியதில்லை. நான் பக்கத்து மேசைக்காரரிடம் மட்டும் சொன்னேன், அதுவே போதுமாக இருந்தது. மதியம் பதினைந்து நிமிடம் படுக்க ஓர் இடம் பிடித்து வையுங்கள், அது மாத்திரைக்குச் சமம்.

வெண்லாஃபாக்சின் ஆரம்பித்ததும் முதல் சில நாள் குமட்டும் என்றார்களா? எனக்குக் குமட்டியது. சாப்பிட்ட பிறகு போட்டால் குறைந்தது. தாங்கவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், நிறுத்திவிட்டு என்னிடம் வந்து கேட்காதீர்கள்.